உப்பு வைத்த கை

"கையில என்னம்மா போட்டிய?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"உப்பு" என்றேன்.

"உப்புன்னா? மருந்துக் கடையில வாங்கினதா?"

"இல்ல டாக்டர். கல்லுப்பு. குழம்புக்குப் போடுத உப்பு."

பக்கத்தில் கத்தரிக்கோலோடு நின்ற நர்ஸ் கோமதியம்மா துணியை வெட்டுவதை நிறுத்திவிட்டார். சேரன்மகாதேவிக்காரர், வாய் சும்மா இருக்காது. "அடப் பாவமே! கையைக் கருவாடு போட்டுட்டுல்லா வந்திருக்கிய!" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் நடந்தது அச்சு அசல் அதேதான்.

நான் செல்வராணி. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவில் இருபது வருஷமாகச் சோறு வடிக்கிறவள். என் வீட்டுக்காரர் சவரிமுத்து தச்சு வேலை பார்க்கிறார். இருவருக்கும் சொந்த ஊர் கடற்கரை. அவருடைய அப்பா கருவாட்டு வியாபாரி. என் வீட்டுக்காரருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. சின்ன வயதில் பாளையங்கோட்டைக்கு வந்து பள்ளியில் கைமொழி படித்தார், இங்கேயே தொழில் கற்றார், இங்கேயே தங்கிவிட்டார். கல்யாணமான முதல் வருஷம் முழுக்க எனக்கு அவர்தான் வாத்தியார். அதற்குப் பிறகு இன்றுவரை கையால் பேசித்தான் குடித்தனம் நடக்கிறது. ஒரே மகன், கப்பலில் வேலை.

நான் வாயாடி என்று ஊரெல்லாம் சொல்லும். கையால் பேசுவதில் அதைவிட மோசம். சண்டை என்றால் என் கை போகிற வேகத்துக்கு அவரால் ஈடுகொடுக்க முடியாது. கண்ணை மூடிக்கொள்வார். காது கேட்காதவர் கண்ணையும் மூடிக்கொண்டால் அப்புறம் சுவரோடுதான் பேச வேண்டும். அவர் கையால் சொல்வதெல்லாம் எனக்குள் எங்கள் ஊர்ப் பேச்சாகவே கேட்கும். ஆகவே இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அன்றைக்குச் சனிக்கிழமை, பள்ளி லீவு. அடுப்படியை எங்கள் கடற்கரையில் குசினி என்போம். குசினியில் நான் சோறு வடிக்க, அவர் தரையில் உட்கார்ந்து சாளை மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தார். மீனைக் கழுவக் கல்லுப்புச் சட்டி பக்கத்தில். குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருகிற நேரம் அது, வாளியில் விழுந்துகொண்டிருந்தது. பானையைச் சரித்தேன். பிடிதுணி ஈரமாக இருந்திருக்கிறது, வழுக்கிவிட்டது. கொதிக்கிற கஞ்சி மொத்தமும் என் வலது கையில், விரல் நுனியிலிருந்து முழங்கைக்குக் கொஞ்சம் கீழ்வரை. நூற்றைம்பது பிள்ளைகளுக்கு வடிக்கிறபோது ஒரு சொட்டு சிந்தாதவள், இரண்டு பேருக்கு வடித்த சோற்றில் வெந்துபோனேன். வெந்நீர் என்றால் ஓடிவிடும். கஞ்சி ஓடாது, தோலிலேயே அப்பிக்கொண்டு நின்று சுடும்.

எப்போதும் பைய நடக்கிற மனிதர் அன்றைக்குப் பாய்ந்து வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார். மற்றக் கையால் சட்டியிலிருந்து உப்பை அள்ளி அள்ளிக் கையில் அப்பினார். விரல் இடுக்கிலெல்லாம் திணித்தார். தோளில் கிடந்த துண்டை நனைத்து இறுக்கிக் கட்டினார். அவர் கை செய்த வேலையைப் பார்த்தால் அதற்கு யோசனையே தேவைப்படவில்லை என்று தெரியும். மீனைக் கீறி, உப்பைத் திணித்து, சாக்கில் பொதிகிற வேலை அது. பள்ளி லீவுக்கு ஊர் போகும்போதெல்லாம் அப்பாவோடு பத்து வயதிலிருந்து பழகிய கை. உப்பு வைத்தால் மீன் கெடாது, அப்படியென்றால் கையும் கெடாது. அவ்வளவுதான் கணக்கு.

நான் கத்தினேன். தெருவே கேட்டிருக்கும், அவருக்குக் கேட்கவில்லை. "வேண்டாம், விடுங்க" என்று சொல்ல வேண்டிய என் வலது கை அவர் பிடியில் இருந்தது. இடது கையால் சொன்னேன். அவருக்கு நான் பேசுவது கேட்க வேண்டுமென்றால் அவர் என்னைப் பார்க்க வேண்டும். அவர் காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் அடித்தேன். வலியில் அடிக்கிறாள் என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தார். அவர் முகமெல்லாம் கண்ணீர். வாளி நிரம்பித் தண்ணீர் குசினி முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

அந்தத் தண்ணீர்தான் மருந்து என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. சுட்ட இடத்தை உடனே குழாயடியில் பிடித்து இருபது நிமிஷம் சாதாரணத் தண்ணீர் விட வேண்டும். மோதிரம், வளையல் இருந்தால் கழற்ற வேண்டும். சுத்தமான துணியை லேசாகப் போர்த்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வேறு ஒன்றும் வைக்கக் கூடாது. டாக்டரம்மா சொன்னது இவ்வளவுதான். இதை எழுதுவதற்கும் பாதிக் காரணம் இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எரிச்சல் அடங்கிவிட்டது. விரல்கள் மரத்துப்போன மாதிரி இருந்தன. உப்பு வேலை செய்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று சொன்னார். நான்தான், "வேண்டாம், சரியாயிட்டு. இன்னொரு தடவை உப்பு வச்சுக் கெட்டுங்க" என்றேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, என் இடது கைதான் அதைச் சொன்னது. அவர் தயங்கினார். நான் அதட்டினேன். மறுபடி உப்பு வைத்துக் கட்டினார்.

திங்கட்கிழமை காய்ச்சல் கொதித்தது. ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

கட்டைப் பிரித்துக் கழுவினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, "நீங்களும் உப்புத் தண்ணிதான ஊத்துதிய? நாங்க வச்சா மட்டும் தப்பா?" என்று கேட்டேன். எனக்கு அந்த நேரத்திலும் வாய்.

டாக்டரம்மா சின்ன வயசு, என் மகனைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். கோபப்படவில்லை. "இது நம்ம கண்ணீர்ல இருக்க அளவு உப்பும்மா. உடம்புக்கு ஒத்துக்கிடும். நீங்க வச்சது உப்பளத்துக் கல்லுப்பு. அது தண்ணியை உறிஞ்சும். வெந்துபோன தோலுக்கு அடியில கொஞ்சம் உசுரோட இருந்ததையும் உறிஞ்சிட்டு" என்றார்.

பிறகு ஒரு ஊசி முனையால் புறங்கையில் அங்கங்கே தொட்டார். "தெரியுதா? இங்கன? இங்கன?"

"வலியே இல்ல டாக்டர்" என்றேன் பெருமையாக.

அவர் முகம் மாறியது. "வலிச்சா நல்லதும்மா. வலிக்கலைன்னா வலியைச் சொல்லுத நரம்பே கெட்டிருக்குன்னு அர்த்தம்" என்றார். தோல் இரண்டு அடுக்காம். மேல்தோல் மட்டும் வெந்தால் தானாக வளர்ந்துவிடும். உள்தோல் ஆழமாகப் போய்விட்டால் வளர நாளாகும். வளர்கிற தோலும் சுருங்கி விரலை இழுத்துக்கொள்ளும். "தொடையில இருந்து காகிதம் மாதிரி மெல்லிசா தோல் எடுத்து இதுல ஒட்டணும். அப்புறம் பயிற்சி. விரல் பழையபடி மடங்குமான்னு இப்பவே சொல்ல முடியாது. உப்பு வைக்காம உடனே வந்திருந்தா ஒருவேளை இது தேவைப்பட்டிருக்காது."

எழுதுவது, துணி பிழிவது, சோறு வடிப்பது எல்லாம் அப்புறம். என் வலது கை மடங்கவில்லை என்றால் என் வீட்டில் நான் பாதி ஊமை. இடது கையால் பேசுவது திக்கித் திக்கிப் பேசுகிற மாதிரி. ஒரு கைக்குச் சில சொற்களே கிடையாது.

அவர் சுவரோரம் நின்று டாக்டரம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம், "என்ன சொல்லுதாங்க?" என்று கேட்டார். எங்கே போனாலும் இடையில் நின்று சொல்கிறவள் நான்தான். அன்றைக்கும் நானேதான் சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் கைமொழியில் நீ, நீங்கள் என்ற மரியாதையெல்லாம் இல்லை. சுட்டுவிரலை நீட்டினால் ஆளைக் காட்டும், அவ்வளவுதான். பயம் எனக்குள் கோபமாகத் திரும்பியது. இடது சுட்டுவிரலை அவர் நெஞ்சுக்கு நேராக நீட்டினேன். "நீ. உப்பு. கை போச்சு." நாலே சொல்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டார். காது கேட்கிறவர்கள் வாயை மூடிக்கொள்வது மாதிரி அது. ஐந்து நாள் அந்தக் கைகள் என்னோடு பேசவில்லை.

வார்டில் பெண்கள் பக்கம் ஆண்களை நேரத்துக்குத்தான் விடுவார்கள். மத்தியானம் சோறு கொண்டுவருவார், எனக்கு ஊட்டிவிடுவார், வாயைத் துடைத்துவிடுவார், தலையைச் சிடுக்கெடுத்துப் பின்னல் போட்டுவிடுவார். பின்னல் கோணலாகத்தான் இருக்கும். தச்சருக்கு மரம் நேராக வரும், மயிர் வராது போலிருக்கிறது. எல்லாம் முடிந்ததும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வார். என் கட்டில் ஜன்னல் ஓரம். நான் பார்ப்பது தெரிந்தால் தலையைக் குனிந்துகொள்வார்.

அடுத்த கட்டிலில் தங்கபுஷ்பம், சாத்தான்குளத்துப் பக்கம். கருப்பட்டிக்குப் பதநீர் காய்ச்சும்போது காலில் கொட்டிக்கொண்டவள். இட்லி மாவைப் பூசிக்கொண்டு வந்தவள். எதிர்க் கட்டிலில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி, பற்பசை. மூலையில் ஒரு டீச்சர், மஞ்சளும் தேனும். டாக்டரம்மா சுற்றிவருகிறபோது, "இந்த வார்டுல ஒரு பலசரக்குக் கடையே வைக்கலாம்" என்பார். மஞ்சள் பூசினால் காயத்தின் நிறம் தெரியாமல் ஆழத்தைக் கணிக்க முடியாதாம், மாவைச் சுரண்டி எடுத்தால் தோலும் சேர்ந்து வருமாம். டீச்சர் வெட்கப்பட்டு, "படிச்ச நானே பூசியிருக்கேன், என்னைத்தான் செருப்பால அடிக்கணும்" என்றார்.

"உப்புதான் எங்க எல்லாருக்கும் முதல் மார்க்கு" என்று தங்கபுஷ்பம் என்னைச் சீண்டுவாள். "எளவு, உன் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் மொளகாயும் தூவணும்னு தோணலியேக்கா."

சிரிப்பேன். சிரித்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பேன்.

கட்டு மாற்றுகிற நாள் ஒன்றுவிட்டு ஒருநாள். அந்தத் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டாலே வார்டு முழுக்க வாய் மூடிக்கொள்ளும். கோமதியம்மா கட்டு மாற்றும்போது தன் சம்பந்தி வீட்டுச் சண்டையை விலாவாரியாகச் சொல்வார். முக்கியமான இடம் வருகிறபோது துணியைச் சட்டென்று உரித்துவிடுவார். சம்பந்தி பாயசத்தில் என்ன குறை சொன்னாள் என்று தெரியாமல் நான் அலறிக்கொண்டிருப்பேன். அந்த அம்மாளுக்கு இது ஒரு வித்தை.

ஆறாம் நாள் அருள்மேரி ஊரிலிருந்து வந்தாள், அவருடைய தங்கை. எனக்கு ஊட்டிவிட்டபடி, "மைனி, அண்ணன் உப்பை ஒறுத்திருக்கார், தெரியுமா?" என்றாள். தவக்காலத்தில் எங்களவர்கள் பிடித்ததை விட்டுவிடுவதற்குப் பெயர் ஒறுத்தல். சிலர் மீனை விடுவார்கள், சிலர் காப்பியை.

"தவக்காலம் இப்ப ஏதுளா?"

"இது உங்களுக்காக. உங்க கை பேசுதவரைக்கும் உப்பு தொட மாட்டேன்னு மாதாட்ட நேர்ந்திருக்கார். உங்களுக்குத் தனியா உப்புப் போட்டு ஆக்குதாரு. அவருக்கு உப்பில்லாத சோறு, உப்பில்லாத ரசம். நேத்து நான் ஆக்கின மீனைத் தொடவே இல்ல. கடக்கரையில பிறந்தவன் உப்பில்லாம எத்தன நாளு திம்பான் மைனி?"

அவள் நீட்டிய அடுத்த வாய்ச் சோற்றைத் தள்ளிவிட்டேன்.

"ஏளா அருளு, ஒன்னு சொல்லட்டா" என்றேன். "ஞாயித்துக்கிழம ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு சொன்னது உங்க அண்ணன். வேண்டாம், இன்னொருக்க உப்பு வையின்னு சொன்னது நானு. பழிய மட்டும் அவரு தலையில போட்டுட்டேன்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "என்ட்ட சொல்லி என்ன மைனி? அங்கன உக்காந்திருக்காருல்லா, அவர்ட்ட சொல்லுங்க" என்று ஜன்னலைக் காட்டினாள்.

எழுந்து ஜன்னல் கண்ணாடி பக்கம் போனேன். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, இடது கையை ஆட்டினேன். அவர் பார்க்கவில்லை. மரத்தடியில் அவர் பக்கத்தில் இருந்த ஆட்டோக்காரரிடம் தங்கபுஷ்பம் கண்ணாடிக் கதவைத் தள்ளிவிட்டுக் கம்பி வழியாகக் கத்தினாள்: "ஏ அண்ணாச்சி, அந்தத் தச்சரைக் கொஞ்சம் தொடுங்க! அவரு பொண்டாட்டி கூப்பிடுது!"

அவர் நிமிர்ந்தார்.

இடது கையால் திக்கித் திக்கிச் சொன்னேன். "ஞாயிறு. நீ சொன்ன, ஆஸ்பத்திரி. நான் சொன்னேன், உப்பு. தப்பு என்னுது. மன்னிச்சிரு."

எழுந்து ஜன்னலுக்கு நேரே வந்து நின்றார். பிறகு அக்குளிலிருந்து கைகளை எடுத்தார். ஐந்து நாளுக்கப்புறம் அவர் குரல் எனக்குக் கேட்டது. "முதல்ல வச்சது நான். நீ கத்தியிருப்ப. நான் உன்னைப் பாக்கல. உன் வாயைப் பிடிச்சுக்கிட்டே உனக்கு உப்பு வச்சிட்டேன்."

"அதெல்லாம் போகட்டும். உப்புப் போட்டுத் தின்னு."

"உன் கை சொல்லட்டும்" என்றார். "அந்தக் கை."

நானும் பிடிவாதக்காரிதான். இந்த மனிதரிடம் மட்டும் தோற்றுக்கொண்டே இருக்கிறேன்.

பத்தாம் நாள் தோல் ஒட்டினார்கள். கையைவிடத் தொடைதான் உயிரை எடுத்தது, தோல் எடுத்த இடம் அப்படி எரிந்தது. கையை ஐந்து நாள் அசைக்கக் கூடாது, ஒட்டின தோல் வேர் பிடிக்க வேண்டும். ஆறாம் நாள் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பிடிச்சிருக்கும்மா" என்று டாக்டரம்மா சொன்னார். எனக்குப் பிறந்த பிள்ளையைக் காட்டின மாதிரி இருந்தது. பார்க்க நன்றாக இல்லை, சொல்லப்போனால் அசிங்கமாக இருந்தது. இருந்தாலும் அழுதேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையான பாடு. பயிற்சி கொடுக்கிற பெண், "கட்டைவிரலால ஒவ்வொரு விரல் நுனியையும் தொடுங்க" என்பாள். கட்டைவிரல் பாதி வழியில் நின்றுவிடும். சுட்டுவிரல் மடங்காது. நடுவே ஒரு நெல்மணி அளவு இடைவெளி. நாலு நாள், ஐந்து நாள், அந்த நெல்மணி போகவே இல்லை. "மனசு விடாதீங்கம்மா" என்பாள். மனசெல்லாம் அப்போதே விட்டாயிற்று என்று நினைத்துக்கொள்வேன்.

ஜன்னல் பேச்சு மட்டும் நாளுக்கு நாள் கூடியது. மற்றவர்கள் போனில், "கேக்குதா? ஹலோ, கேக்குதா?" என்று கத்துவார்கள். எங்களுக்கு மூடிய கண்ணாடி வழியாகவே எல்லாம் கேட்கும். பூனை குட்டி போட்டது, எதிர் வீட்டுக்காரர் எங்கள் குழாயில் தண்ணீர் பிடித்தது எல்லாம் மரத்தடியிலிருந்து சொல்வார். ஒற்றைக் கையால் நான் தடுமாறினால் பொறுமையாக இருப்பார். அவர் வாத்தியாராக இருந்த அந்த முதல் வருஷத்தில் இருந்த அதே பொறுமை. தங்கபுஷ்பம் பெருமூச்சு விடுவாள். "எங்க வீட்டுக்காரருக்குக் காது நல்லாத்தான் கேக்குது. என்ன பிரயோசனம்?"

ஆள் மெலிந்துகொண்டே வந்தார். கன்னம் ஒட்டிவிட்டது.

ஒருநாள் மத்தியானம் வார்டுக்குள் வந்து, எனக்கு ஊட்டி முடித்துவிட்டு, தன்னுடைய தூக்குவாளியைத் திறந்தார். மரத்தடிக்குப் போகாமல் என் பக்கத்திலேயே சாப்பிடச் சொல்லியிருந்தேன். வெள்ளைச் சோறும் சாளைக் குழம்பும். இடது கையால் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன். சப்பென்று இருந்தது. அவர் தலையைக் குனிந்து, தண்ணீர் குடித்துக் குடித்து அதை விழுங்கிக்கொண்டிருந்தார்.

அவர் தோளைத் தட்டி நிமிர வைத்தேன். வலது கையை மடியிலிருந்து தூக்கினேன்.

உப்பு என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு சைகை உண்டு. கட்டைவிரலைச் சுட்டுவிரல் நுனியில் வைத்துத் தேய்க்க வேண்டும், சட்டியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தூவுகிற மாதிரி. காலை, மத்தியானம், ராத்திரி என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். கட்டைவிரல் நகர்ந்தது. நெல்மணி அளவு தூரத்தில் நின்றது. பல்லைக் கடித்துச் சுட்டுவிரலை இழுத்தேன். ஒட்டின தோல் கிழிந்துவிடும் என்று பயம். தொட்டது. தேய்த்தேன், ஒருதடவை, இரண்டுதடவை.

உப்பு.

அவர் என் கையையே பார்த்தார். "என்னது? திரும்பச் சொல்லு" என்றார்.

திரும்பச் சொன்னேன்.

"சரியா கேக்கல" என்றார். கண்ணில் தண்ணீர், உதட்டில் சிரிப்பு. கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அந்த மனிதர் என்னிடம் செய்த முதல் கேலி அதுதான்.

மூன்றாம் தடவையும் சொன்னேன். அவர் எழுந்து அடுத்த கட்டிலுக்குப் போய், தங்கபுஷ்பத்தின் பாத்திரக் கூடையைக் காட்டி, விரல் நுனிகளைத் தேய்த்துக் காட்டினார்.

அவள் அவரையும் பார்த்தாள், என் கையையும் பார்த்தாள். "உப்பா? தாரேன் அண்ணாச்சி, தாரேன். மொதல்ல ஒன்னு சொல்லுங்க, சோத்துக்கா, கைக்கா?"

வார்டே கொல்லென்று சிரித்தது. என்ன சொன்னாள் என்று அவர் என்னிடம் கேட்டார். வலது கையால், பாதிச் சொல் விழுங்கி, கோணல்மாணலாகச் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது. தன் சிரிப்புச் சத்தம் எப்படி இருக்குமோ என்று கூசி ஊர் நடுவில் ஒருநாளும் வாய் திறந்து சிரிக்காதவர், அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் சத்தமாகச் சிரித்தார்.

பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உப்புப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டார்.